ஆறடி ஆறு அங்குலத்துக்குள் ஒரு மனிதன்

“அரை அங்குலம்தானே, கோச்?”

“தானேயா? யூமி, உன் காதுல தொங்குதே அந்தக் கம்மல், அது அரை அங்குலம். அந்த அரை அங்குலத்தாலதான் நம்ம சீசன் முடியப்போகுது.”

“டேப் தப்பா இருக்கலாம்ல?”

“இது என் பொண்டாட்டியோட தையல் டேப். இருபது வருசமா என் இடுப்பப் பத்தி ஒரு பொய்யும் சொன்னதில்ல.”

“நான் இங்கதான் இருக்கேன்,” என்றது எங்கள் இருவருக்கும் மேலிருந்து ஒரு குரல். “நானும் பேசலாமா?”

“பேசு. ஆனா நிமிராத,” என்றார் கோச் பால்டோ.

காலை ஏழு மணி. மணிலா விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு சிமெண்ட் தூணோடு முதுகை ஒட்டி, வெறுங்காலில் நின்றுகொண்டிருந்தார் டேரியஸ் பெட்வே. வயது முப்பத்தொன்று. ஊர் ஒஹையோவில் டொலீடோ. தூணின் மறுபக்கம் நின்றிருந்த டாக்ஸிக்காரர்கள் எங்கள் டேப்பைப் பார்த்த கணமே விஷயத்தைப் புரிந்துகொண்டு, “ஐயோ, அதிகமா?” என்று துக்கம் விசாரித்தார்கள்.

இந்த ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கூடைப்பந்து லீக்கில் அணிக்கு ஒரே ஒரு வெளிநாட்டுக்காரர்தான். அவர் ஆறடி ஆறு அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இன்று பிற்பகல் மூன்று மணிக்கு லீக் அலுவலகத்தில் அளப்பார்கள். கோட்டுக்கு மேல் ஒரு மயிரிழை இருந்தாலும் டேரியஸ் அடுத்த விமானத்தில் திரும்ப வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். எங்கள் கையில் வேறு ஆள் இல்லை.

அவரைத் தேர்ந்தெடுத்தவள் நான்.

எங்கள் அணியின் பெயர் ஹரயா வினிகர். எங்கள் வினிகர் இல்லாமல் இந்த நகரத்தில் பாதி வீடுகளில் மீன் பொரியாது. இரண்டு வருடங்களுக்கு முன்பு வரை நான் அந்தக் கம்பெனியின் லேபிள் பிரிவில் இருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் முந்தைய நாள் ஆட்டத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருப்பேன்: யார் எங்கே நின்றார், பந்து எங்கே போனது, யார் சும்மா நின்றார். ஒரு நாள் லிஃப்டில் கோச் என் தோளுக்கு மேலாக அந்த நோட்டைப் படித்துவிட்டார். என்னோடு ஏழாவது மாடி வரை வந்தார். அவர் இறங்க வேண்டியது மூன்றாவது மாடி.

இந்த முறை எங்களுக்குத் தேவைப்பட்டவர் ஒரு பவர் ஃபார்வர்ட். வளையத்துக்கு அடியில், முழங்கை இடிகளுக்கு நடுவில் நின்று, தவறிய பந்தைப் பறித்து வருகிற ஆள். எந்த அணியோடும் ஒப்பந்தம் இல்லாமல் காத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுடைய ஏஜெண்டுகள் அனுப்பிய வீடியோக்கள் நாற்பத்திரண்டு. ஏஜெண்ட் அனுப்பும் வீடியோவில் எல்லோரும் தெய்வங்கள். போட்டதெல்லாம் விழும். அதனால் நான் ஒவ்வொருவரிடமும் வேறொன்று கேட்டேன்: நீங்கள் இருபது புள்ளிக்கு மேல் தோற்ற ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களை முழுதாக அனுப்புங்கள்.

முப்பது பேர் பதிலே போடவில்லை. அனுப்பியவர்களில் ஒரு செர்பியாக்காரர் இடுப்பில் கை வைத்து, பேருந்துக்குக் காத்திருப்பவர் போல நின்றார். டெக்ஸாஸ்காரர் ஒருவர் முப்பத்தெட்டுப் புள்ளி எடுத்திருந்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் தன் அணிப் பையன்களைத் திட்டிவிட்டுத்தான் திரும்பி ஓடினார். டேரியஸ் மான்டெவிடியோவில் இருபத்துநான்கு புள்ளி பின்தங்கிய ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில், பந்துக்காகக் குப்புற விழுந்து விளம்பரப் பலகைக்கு அடியில் காணாமல் போனார். பிறகு ஒரு கை மட்டும் வெளியே வந்தது. கையில் பந்து இருந்தது.

அதைவிட முக்கியமான ஒன்றும் இருந்தது. யாராவது பந்தை வளையத்தை நோக்கி எறிந்தால் மற்ற ஒன்பது பேரும் பந்தைப் பார்த்தார்கள். டேரியஸ் மட்டும் தலையைக் குனிந்து, கடைக்குப் போகிறவர் போல ஓர் இடத்தை நோக்கி நடந்தார். பந்து வளையத்தில் பட்டு அங்கே வந்து விழுந்தது. நான் அந்த வீடியோவைப் பதினொரு முறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சிரிப்பு வந்தது. எங்கே விழப்போகிறோம் என்று பந்துக்கே தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருந்தது.

மிச்சமிருந்தது உயரம். உலகத்தில் எல்லா இடத்திலும் விளையாட்டுக்காரர்கள் உயரத்தைக் கூட்டிச் சொல்வார்கள். எங்கள் நாட்டுக்கு வரும்போது மட்டும் குறைத்துச் சொல்வார்கள். டேரியஸ் பெய்ரூட்டில் ஆறடி எட்டு, மான்டெவிடியோவில் ஆறடி ஒன்பது, எங்களுக்கு வந்த கடிதத்தில் ஆறடி ஐந்து. நான் எதையும் நம்பவில்லை. மான்டெவிடியோ ஆட்டம் முடிந்ததும் அவர் காலணிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஒரு குளிர்பான இயந்திரத்தைக் கடந்து போகிறார். அந்த இயந்திரத்தைச் செய்த கம்பெனிக்கு எழுதி அதன் உயரத்தைக் கேட்டு வாங்கினேன். கணக்குப் போட்டேன். ஆறடி ஐந்தே முக்கால். கோச்சிடம் ஓடினேன். அவர் மேனேஜரிடம் ஓடினார்.

“சரி,” என்றார் மேனேஜர். “ஆள் தேறினா ஞாயித்துக்கிழம யூமி பெஞ்சுல உங்க பக்கத்துல உக்காரட்டும். தேறலன்னா லேபிள் பிரிவுல ஒரு நாற்காலி காலியாத்தான் இருக்கு.”

இப்போது அந்த அரை அங்குலத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

“அந்த வீடியோ ஆட்டம் முடிஞ்சப்புறம் எடுத்ததா?” என்று கேட்டார் கோச்.

“ஆமா.”

“ரெண்டு மணி நேரம் குதிச்சப்புறம்?”

“ஆமா...”

“சாயங்காலம் மனுசன் குட்டையாவான், காலைல நீளுவான், இது உனக்குத் தெரியாதா? இவரு ராத்திரி எப்படி வந்தாரு?”

எனக்கு முந்திக்கொண்டு டேரியஸ் சொன்னார்.

“அருமையா வந்தேன் கோச். படுக்கிற சீட்டு. என் வாழ்க்கைலயே முதல் தடவ. பதினாலு மணி நேரம் கட்டையா நீட்டி நிமிர்ந்து தூங்கினேன்.”

கோச் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“அவருக்கு முழங்கால் வலின்னு...” என்றேன். “நான்தான் மேனேஜர்கிட்ட கெஞ்சி...”

“கட்டில் போட்டு நீட்டி அனுப்பியிருக்க,” என்றார் கோச். அவர் கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எட்டு மணி நேரம் இருக்கு. வாங்க. இந்த ஆளச் சுருக்கணும்.”

அவர் பழைய ஆள். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. போகிற வழியில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஒன்று வாங்கி டேரியஸின் தோளில் ஏற்றினார். சாலையைக் கடக்கும் மேம்பாலத்தின் படிகளில் அவரை ஏறி இறங்கச் சொன்னார். இரண்டாவது சுற்றில் டேரியஸ் சிரிக்க ஆரம்பித்தார்.

“என்ன சிரிப்பு?” என்றார் கோச்.

“எங்க நாட்டுல பதினஞ்சு வருசமா எல்லாரும் எங்கிட்ட சொன்னது ஒண்ணுதான். ஆட்டம் இருக்கு, மனசு இருக்கு, ரெண்டு அங்குலம் பத்தலன்னு. இப்பதான் ஒரு நாட்டுக்கு நான் ஜாஸ்தியா இருக்கேன். கொஞ்சம் அனுபவிச்சுக்கறேனே.”

ஐந்து சுற்றுக்குப் பிறகு மறுபடி அளந்தோம். ஆறடி ஆறரை, கொஞ்சம் உள்ளே. கோச் எங்கள் வேனைப் பார்த்தார்.

“இது ஆகாது. ஸ்பிரிங் ரொம்ப நல்லா இருக்கு. இதுல போனா திரும்ப நீண்டுடுவான்.”

“ஜீப்னி?” என்றேன்.

அவர் முகத்தில் அன்று காலை முதல் முறையாக வெளிச்சம் வந்தது.

மாரிகினா போகிற ஜீப்னி ஒன்றை, வழிநெடுக ஆளேற்றிப் போகும் நீள ஜீப்பை, நிறுத்தினோம். உள்ளே எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள், பத்துப் பதினைந்து பேர். டேரியஸ் தன்னை மூன்றாக மடித்து உள்ளே நுழைந்தார். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டார். முதல் பள்ளத்தில் அவர் தலை கூரையில் ‘டங்’ என்று இடித்தது.

“ஹரயாவோட புது ஆளா?” என்றார் டிரைவர் நோனொய், கண்ணாடியில் பார்த்தபடி.

“ஆமா அண்ணே. அளவு கொஞ்சம் அதிகம். பள்ளமா பாத்துப் போங்க,” என்றேன்.

“நான் சிமெண்ட் கம்பெனி டீம் ஆளு. உங்களுக்கு எதிரி.”

நோனொய் கியரை மாற்றினார்.

“ஆனா என் ரோட்ல ஏத்தின ஆளு குட்டையாகாம இறங்கினா அது என் ரோட்டுக்குக் கேவலம். எல்லாரும் கம்பியப் பிடிச்சுக்கங்க.”

அதன் பிறகு நடந்ததை நான் எப்படிச் சொல்வது? அவர் ஒரு பள்ளத்தையும் விடவில்லை. விட்டுப்போன ஒன்றுக்காக வண்டியைப் பின்னால் எடுத்தார். அலுவலகம் போகிறவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒவ்வொரு ‘டங்’குக்கும் வண்டியே எண்ணியது. முப்பத்தொன்று! முப்பத்திரண்டு! மீன்காரம்மா ஒருத்தி தன் பால்மீன் கூடையை, “கொஞ்ச நேரம் வச்சுக்க ராசா,” என்று அவர் தலையில் வைத்தாள். இரவு வேலை முடித்து வீடு திரும்பும் நர்ஸ் ஒருத்தி, “சாயாதீங்க, நேரா உக்காருங்க, அப்பதான் முதுகெலும்பு அழுந்தும்,” என்று அதட்டினாள்.

பிறகு விசாரணை ஆரம்பித்தது.

“இடது கைல போடுவாரா?” என்றார் ஒரு வங்கிக் காவலாளி.

“போடுவார்,” என்றேன்.

“ஃப்ரீ த்ரோ?”

“நூத்துக்கு அறுபத்தெட்டு.”

“ஐயய்யோ,” என்றது மொத்த வண்டியும்.

“அறுபத்தெட்ட வச்சுக்கிட்டா என் கூடையத் தலைல சுமக்கறான்?” என்றாள் மீன்காரம்மா. கூடையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் பார்த்தாள்.

“அக்கா, கொஞ்சம் கேளுங்க,” என்றேன். “பந்து எங்க விழும்னு இவருக்கு முன்னாடியே தெரியும்.” நோட்டைத் திறந்து மான்டெவிடியோ ஆட்டத்தைப் படம் போட்டுக் காட்டினேன். யார் எறிந்தார், எல்லோரும் எங்கே பார்த்தார்கள், இவர் எங்கே நடந்தார். வண்டி குதித்ததில் என் அம்புக்குறிகளெல்லாம் எங்கெங்கோ ஓடின. இருந்தாலும் பத்துத் தலைகள் அந்த நோட்டின் மேல் கவிழ்ந்தன. காவலாளி நிமிர்ந்தபோது டேரியஸை வேறு கண்ணோடு பார்த்தார்.

“வச்சுக்கலாம்,” என்றார், அவரே சம்பளம் கொடுப்பவர் போல. மீன்காரம்மா கூடையை விட்டுவிட்டாள்.

அப்போது டேரியஸின் கைபேசி அடித்தது. திரையில் ஒரு பெரிய முகம் சிரித்தது. அவர் சட்டென்று அதை அணைத்தார்.

“என் தம்பி கோரி,” என்றார். “யாரும் அவன்கிட்ட உயரத்தப் பத்திப் பேசிடாதீங்க. தயவு செஞ்சு.”

“ஏன்?” என்றாள் நர்ஸ்.

“அவன் ஆறடி ஏழு. நான் ஆறடி எட்டுன்னு பதினஞ்சு வருசமா நம்பிக்கிட்டிருக்கான்.”

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

“எப்படி?” என்றேன்.

“ஷூவுக்குள்ள ரெண்டு அட்டை. வீட்டுல எப்பவும் உக்காந்தே இருப்பேன். ஃபோட்டோன்னா ஒரு படி மேல நிப்பேன். அவன் கல்யாணத்துல நாலு மணி நேரம் படிக்கட்ட விட்டு இறங்கல. எல்லாரும் நான் உணர்ச்சிவசப்பட்டிருக்கேன்னு நினைச்சாங்க.”

மீன்காரம்மா சிரித்த சிரிப்பில் கூடை சாய்ந்து ஒரு மீன் வங்கிக் காவலாளியின் மடியில் விழுந்தது. அவர் அதைத் தொப்பியில் ஏந்தித் திருப்பிக் கொடுத்தார்.

நோனொய் மூன்று நடை அடித்தார். மற்றவர்கள் இறங்கினாலும் மீன்காரம்மாவும் காவலாளியும் நர்ஸும் முடிவு தெரியாமல் இறங்க மறுத்துவிட்டார்கள். இரண்டரை மணிக்கு லீக் அலுவலக வாசலில் இறங்கி, சுவரோரமாக அளந்தோம். ஆறடி ஆறு, அதற்கு மேல் ஒரு நூலிழை. கோச் அந்த நூலிழையை வெகுநேரம் பார்த்தார்.

“லிஃப்ட் வேண்டாம். படி,” என்றார்.

படி ஏறும்போது கோச் மூச்சு வாங்கிக்கொண்டே எச்சரித்தார். “அளக்கற மாங் கோயோகிட்ட ஜாக்கிரதை. மூணு தடவ அளப்பாரு. ஒரு தடவ கோட்டுக்குள்ள வந்தாப் போதும். குதிகாலுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு தாள் வைப்பாரு. முட்டிய மடக்கினா அது விழுந்துடும். அத விட மோசம், அளக்கும்போது உங்கம்மா பேரக் கேப்பாரு.”

“அம்மா பேரா? அது எதுக்கு?”

“அம்மா பேர எவனும் கூனிக்கிட்டே சொல்றதில்ல. இருபத்திரண்டு வருசமா பாக்கறேன். எப்பேர்ப்பட்ட ஆளும் அந்த நேரத்துல நிமிர்ந்துடுவான். நீ கூனிக்கிட்டே சொல்லு.”

டேரியஸ் ஒரு படியில் நின்றார். “என்னால முடியாது கோச். அப்படிச் சொன்னா எங்கம்மாவுக்கு எப்படியோ தெரிஞ்சிடும்.”

மாங் கோயோ மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பென்சில்கள். சுவரோடு பொருத்திய மரக்கோலும் அதில் மேலும் கீழும் நகரும் பலகையும்தான் அவருடைய உலகம். அந்தக் கோல் சொல்லாத எண்ணை அவருடைய பென்சில் எழுதியதாக லீக்கில் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒரு முறை தன் மருமகன் பயிற்சி தந்த அணியின் ஆளையே அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

டேரியஸ் காலணிகளைக் கழற்றினார். இரண்டு அட்டைகள் வெளியே விழுந்தன. மாங் கோயோ அவற்றைப் பார்த்தார். குதிகாலுக்குப் பின்னால் தாளைச் செருகினார்.

“அம்மா பேரு?”

டேரியஸ் எவ்வளவோ முயன்றார். நான் பார்த்தேன். தோள்களை இறக்கினார், கழுத்தை உள்ளே இழுத்தார். ஆனால் வாயைத் திறந்த உடன் எல்லாம் எழுந்துகொண்டது. “வெர்னெல் ஜோசஃபின் பெட்வே!”

பலகை இறங்கியது. “ஆறடி ஆறேகால்,” என்றார் மாங் கோயோ.

கோச் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

இரண்டாவது முறை. “அம்மா பிறந்த ஊரு?”

“மெரிடியன், மிஸ்ஸிஸிப்பி!” அது இன்னும் கம்பீரமாக வந்தது. ஆறடி ஆறேகாலுக்கும் மேலே.

எட்டு மணி நேரத்தில் நாங்கள் அழுத்தியதையெல்லாம் ஓர் அம்மா இரண்டு விநாடியில் நீட்டிவிட்டாள். லேபிள் பிரிவின் பசை வாசனை எனக்கு அங்கேயே அடித்தது.

மாங் கோயோ மூன்றாவது முறைக்குத் தயாரானார். படிவத்தைப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

“இது யார் நிரப்பினது?”

“நான்தான்,” என்றேன்.

“ஒரு கட்டம் காலியா இருக்கே. ‘விளையாடுபவர் கூறும் உயரம்.’”

பெய்ரூட்டில் ஆறடி எட்டு, மான்டெவிடியோவில் ஆறடி ஒன்பது, கடிதத்தில் ஆறடி ஐந்து. எதை எழுதுவது என்று தெரியாமல் நான் அதை விட்டிருந்தேன்.

“சரி, அவரே சொல்லட்டும்.” மாங் கோயோ பலகையை டேரியஸின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டார். “உன் உயரம் என்ன தம்பி?”

டேரியஸ் என்னைப் பார்த்தார், கீழே கிடந்த இரண்டு அட்டைகளைப் பார்த்தார். ஆறடி எட்டு என்று சொல்ல அவர் உதடு பழக்கத்தில் ஒரு முறை குவிந்ததைக் கண்டேன். பிறகு நீளமாக ஒரு மூச்சை வெளியே விட்டார். பதினைந்து வருடம் உள்ளே வைத்திருந்த மூச்சு போலிருந்தது. தோள் இறங்கியது, மார்பு இறங்கியது, கழுத்து தன்பாட்டில் தோள்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தது. முட்டி மடங்கவே இல்லை. தாள் இருந்த இடத்திலேயே இருந்தது.

“ஆறடி ஆறு, ஐயா,” என்றார். “அவ்வளவுதான். எப்பவுமே அவ்வளவுதான்.”

பலகை அவர் தலையைத் தொட்டது. மாங் கோயோ குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“ஆறடி ஆறு,” என்றார். “கோட்டுக்கு மேல இல்ல. கோட்டுலயே. தேறிட்டான்.”

கோச் என்னைத் தூக்கிச் சுற்றினார். சுற்றியதில் என் கால் பட்டு ஒரு நாற்காலி விழுந்தது. பக்கத்து அறை எழுத்தர்கள் ஓடி வந்து எதற்கென்று கேட்காமலே கை தட்டினார்கள். நான் ஜன்னலைத் திறந்தேன். நோனொய் இன்னும் போயிருக்கவில்லை. மீன்காரம்மாவும் காவலாளியும் வண்டிக்கு வெளியே வந்து அண்ணாந்து நின்றிருந்தார்கள். நர்ஸ் தூங்காமல் நின்றிருந்தாள். நான் கட்டை விரலை உயர்த்தினேன். சாலையே ஹாரன் அடித்தது. “புளிப்பு! புளிப்பு!” என்று யாரோ எங்கள் கோஷத்தை ஆரம்பித்தார்கள். எதிரி டீம்காரரான நோனொய் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார எந்தச் சட்டையைப் போடுவது என்று என் மனம் அதற்குள் அலமாரியைத் திறந்துவிட்டது.

உள்ளே திரும்பியபோது மாங் கோயோ சான்றிதழில் பென்சிலால் எழுதி, அதன் மேல் பேனாவால் எழுதி, முத்திரை குத்திக்கொண்டிருந்தார். டேரியஸ் மேசைக்கு முன்னால் நின்றார். இப்போது முழுதாக நிமிர்ந்து நின்றார். அவருடைய கைபேசி மறுபடி அடித்தது. திரையில் கோரியின் பெரிய முகம். டேரியஸ் அதை மெதுவாக மேசையில் கவிழ்த்து வைத்தார். கீழே கிடந்த இரண்டு அட்டைகளையும் எடுத்துத் தூசி தட்டினார். பிறகு இருபத்திரண்டு வருடங்களாக ஒரு பொய் எண்ணும் எழுதாத அந்த மனிதரை நோக்கி, எங்கள் வீட்டுக் கதவைவிடப் பெரிய உடம்பை இடுப்பு வரை மடித்து, ரகசியக் குரலில் கேட்டார்.

“மாங் கோயோ, இதே மாதிரி இன்னொரு தாள் இருக்குமா? அதுல ஆறடி எட்டுன்னு எழுதி, இந்த முத்திரையவே குத்தி... லீக்குக்கு இல்ல, என் தம்பிக்கு மட்டும்தான்... ஒரு கையெழுத்துப் போட்டுத் தர்றீங்களா?”